செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி

“பொண்ணு பெரிய மனுஷியான நேரத்தைச் சரியாச் சொல்லுங்கம்மா. மணி, நிமிஷம் ரெண்டும் வேணும்” என்றார் ஜோசியர்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. கீழே கைபேசி பழுதுபார்க்கும் கடை, மாடியில் ஜோசியர். படியேறும்போது வறுத்த கோழி வாசம். கதவைத் திறந்தால் சாம்பிராணி. ஏர்கான் என் பிடரிக்கு நேராக அடித்தது. ஜோசியர் பஞ்சாங்கத்தைத் தொடவேயில்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து நாற்காலியில் அமுதா. அவள் மகள் கௌசல்யா எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் உயர்நிலை ஒன்று, அதாவது ஏழாம் வகுப்பு மாணவி. நான் அந்த விடுதியின் வார்டன். “நீங்கதானே மிஸ் பக்கத்துல இருந்தீங்க, நீங்களே வந்து வாயால சொல்லிடுங்க” என்று அமுதா ஃபோனில் கூப்பிட்டபோது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சாட்சியாக வந்து உட்கார்ந்திருந்தேன்.

“செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை” என்றேன்.

ஜோசியரின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. அமுதாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அதில் பொய்யே இல்லை. பதினெட்டு நாள் யோசித்துத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நேரம்தான் பொய்.

இந்தியர் போதவில்லை

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சலவை இயந்திரத்தைப் பற்றி எழுதியதற்கு, “மரியாதைக்குரிய ஒரு பள்ளியைப் பற்றி இப்படியா எழுதுவது?” என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். அம்மணி, இந்த வாரம் இன்னும் மோசமாக இருக்கும். இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

எங்கள் விடுதி நடையில் வரிசையாகப் பழைய படங்கள் மாட்டியிருக்கும். முதல் படத்தில் வெள்ளை கவுன் போட்ட பத்துப் பதினைந்து சிறுமிகள், மடியில் தையல் துணி. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. வேண்டாம் என்று யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தைகள் அவர்கள். எங்கள் பள்ளி முதலில் ஒரு தங்குமிடமாகத்தான் ஆரம்பித்தது. பாடம் பிறகு வந்தது. ஆண்டு மலரில் இதைத் ‘தொலைநோக்கு’ என்று எழுதுவார்கள். அந்தக் காலத்தில் துணி தைக்கவும் இஸ்திரி போடவும் ஆள் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கட்சி.

அடுத்த படத்தில் இரட்டைப் பின்னல் போட்ட பெண்கள். மலாயாவின் தோட்ட அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள், தகரப் பெட்டியோடு ரயிலேற்றி அனுப்பிய மகள்கள். பெண்ணுக்கு இங்கிலீஷ் வந்தால் நல்ல இடத்தில் மாப்பிள்ளை வருவான் என்று கணக்குப் போட்டு அனுப்பினார்கள். அதில் பாதிப் பேர் இங்கிலீஷ் வந்ததும் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லி ஆசிரியை ஆகிவிட்டார்கள். அந்தக் குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அதன் பிறகு பல ஆண்டுகளுக்குப் படமே இல்லை. ஊரெங்கும் அடுக்குமாடி வீடு வந்தது, பேருந்து வந்தது, எல்லோரும் வீட்டிலிருந்தே பள்ளிக்கு வந்தார்கள். விடுதியில் பூப்பந்து வலையையும் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்புதான் திடீரென்று எல்லோருக்கும் ஞானோதயம் பிறந்தது. பல இனப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் பழக வேண்டும், வெளிநாட்டிலிருந்து கெட்டிக்காரப் பெண்களைக் கொண்டுவர வேண்டும், வீட்டில் வசதியில்லாத உள்ளூர்ப் பெண்களுக்கும் இடம் தர வேண்டும். வலைகளை வெளியே வீசிவிட்டுச் சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்தார்கள்.

நாலு கட்டில் கொண்ட அறைகள். ஒரு சீனப் பெண், ஒரு மலாய்ப் பெண், ஒரு இந்தியப் பெண், ஒரு வெளிநாட்டுப் பெண். இது மேலே கூட்டம் போட்டு எடுத்த முடிவு. கூட்டத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவர்கள் யாரும் விடுதியில் இந்தியப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. அறைகள் பத்து. இந்தியப் பெண்கள் ஆறு. “நாலு ரூம்ல இந்தியர் ஸ்டாக் இல்லை” என்று நான் கூட்டத்தில் சொன்னதற்கு அப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தார்கள். பேச்சைக் கண்டித்தார்களே தவிர ஸ்டாக் வரவில்லை.

விளம்பரக் கையேட்டுக்குப் படமெடுக்க ஆள் வந்தபோது கௌசியை மூன்று அறைகளில் நிற்க வைத்து எடுத்தார்கள். ஓர் அறையில் ஒற்றைப் பின்னல், ஓர் அறையில் இரட்டைப் பின்னல், ஓர் அறையில் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி என்னுடையது. “எனக்கு ஒண்ணுமே தெரியலை மிஸ்” என்று அவள் சுவரைப் பார்த்துச் சிரித்த படம்தான் அட்டையில் வந்தது.

அவளுடைய கட்டில்

கௌசியின் வீடு சுவா சூ காங்கில். இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, இரட்டைத் தம்பிகள், சித்தப்பா. அப்பா லாரி ஓட்டுகிறவர். அமுதாவுக்கு விமானச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை. தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் போய் ஷிஃப்ட் பார்க்கிறவள். கௌசி ஆறாம் வகுப்புவரை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில், சதுரங்கம் ஆடும் தாத்தாக்களுக்கு நடுவே படித்திருக்கிறாள். வீட்டில் தம்பிகளோடு தரையில் மெத்தை விரித்துப் படுத்தவள்.

விடுதிக்கு வந்த முதல் நாள் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஃபுல்லா எனக்கா மிஸ்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி, கையையும் காலையும் அகல விரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. போய் ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

அந்தக் கட்டில் உதவித்தொகையில் வந்தது. ஆண்டிறுதித் தேர்வில் சராசரி எழுபதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஆண்டு கட்டில் இல்லை. தேர்வுக்கு வராமல் போனால் பூஜ்யம். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் தப்பிக்கலாம். ‘வயதுக்கு வந்துவிட்டாள்’ என்பதற்கு எந்த மருத்துவரும் சான்றிதழ் எழுத மாட்டார்.

வெள்ளிக்கிழமை, ஏழு பத்து

உண்மையான நேரம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்து. பள்ளி மணி அடிக்க இருபது நிமிடம். கௌசியின் அறைத்தோழி நாடியா என் கதவைத் தட்டினாள். “மிஸ், கௌசி டாய்லெட்டை விட்டு வர மாட்டேங்கிறா. அழறா.”

போனேன். கதவுக்கு வெளியே நின்று விவரம் கேட்டேன். விளங்கியது.

எனக்கு முன்னால் நாடியா வேலையில் இறங்கிவிட்டாள். தன் அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்துக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்து, எப்படி வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு விரிவுரையும் கொடுத்தாள். இன்னொரு அறைத்தோழி சூ லிங், ஃபிளாஸ்கில் வைத்திருந்த செம்பேரீச்சைத் தண்ணீரை ஊற்றி எடுத்து வந்து, சூடாகக் குடித்தே ஆக வேண்டும் என்று கதவுக்கு வெளியே காவல் நின்றாள். நாலாவது கட்டில்காரி லான், வியட்நாமிலிருந்து வந்தவள், தமிழர்கள் இதற்குப் பதினாறு நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதும், “பதினாறு நாள் லீவா? நான் தமிழ்ப்பொண்ணா மாற முடியுமா மிஸ்?” என்றாள்.

உள்ளேயிருந்து கௌசியின் குரல் வந்தது. “அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்.”

“பைத்தியமாடி உனக்கு? சொல்லாம எப்படி?”

“சொன்னா கூட்டிட்டுப் போயிருவாங்க. எங்க பெரியம்மா மகளை அப்படித்தான் உட்கார வச்சாங்க, பதினாறு நாள். இன்னும் பன்னண்டு நாள்ல எக்ஸாம் மிஸ். என் பெட் போயிரும் மிஸ்.”

கதவில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

என் பதினாறு நாள்

நான் வளர்ந்தது புக்கிட் மேராவில். அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. உயர்நிலை இரண்டில் ஆண்டிறுதித் தேர்வு எழுதினால்தான் அறிவியல் வகுப்பா கலை வகுப்பா என்று பிரிப்பார்கள். தேர்வுக்கு நாலு நாள் முன்னால் எனக்கு நேரம் பார்த்து வந்தது. அம்மா என்னை அறை மூலையில் உட்கார வைத்துவிட்டாள். தனித் தட்டு, தனித் தம்ளர், தினமும் உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய். நான் களியைத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தபோது என் வகுப்பு அறிவியல் தாள் எழுதிக்கொண்டிருந்தது.

கலை வகுப்புக்குப் போனேன். அம்மா மட்டும் விட்டிருந்தால் டாக்டராகியிருப்பேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் எழுதித் தோற்பதற்காவது என்னை விட்டிருக்க வேண்டாமா? நாற்பது வருடத்துக்கு அப்புறமும் அந்தக் கோபம் ஆறவில்லை. அன்று காலை அந்தக் கோபம்தான் என் வாயைத் திறந்தது.

“சரி. சொல்ல மாட்டேன். முகத்தைக் கழுவிட்டு வெளிய வா” என்றேன்.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் சனி ஞாயிறும் விடுதியில் தங்கிப் படிக்க அனுமதி உண்டு. அதனால் கௌசி வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமுதாவே தூக்குச்சட்டியில் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்னமோ புள்ள முகமே மாறிப்போன மாதிரி இருக்கு மிஸ்” என்றாள். நான், “குழம்பு பிரமாதம் அமுதா, மசாலா எங்க அரைக்கிறீங்க?” என்றேன். என் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசித் தாள் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கு முடிந்தது. பிள்ளை சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், கொஞ்சம் தூங்க வேண்டும். நான் தாராள மனசுக்காரி. மூன்றரைவரை அவகாசம் கொடுத்து, அப்புறம்தான் அவளைப் பெரியவளாக்கினேன்.

மூன்றே முக்காலுக்கு அமுதாவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் எஃகுத் தட்டுகள் சரிந்து விழுந்த சத்தம். “நெசமாவா மிஸ்? ஐயோ, என் தங்கமே!” என்று கத்தினாள். என்ன ஏதென்று யாரோ மலாயில் கேட்பதும், பிறகு பல பேர் கைதட்டுவதும் கேட்டது. டாக்சி பிடித்து ஓடி வந்தாள், தலையில் வேலை வலைத்தொப்பியோடு. மகளின் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். கௌசி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அமுதா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “பெத்தவ பக்கத்துல இல்லாட்டியும் நீங்க இருந்தீங்களே மிஸ். அது போதும் எனக்கு.”



ராகு காலத்தில் பேரம்

இனி மறுபடியும் ஜோசியர் மாடிக்கு வருவோம்.

“செவ்வாய் மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்மா” என்றார் ஜோசியர்.

ஒரு வாரத்தில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை ராகு காலத்தைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணின் தலையில் கட்டியிருந்தேன்! வேறு எந்தத் தமிழச்சியாவது இப்படிச் செய்வாளா? விடுதியில் செவ்வாய் என்றால் கட்டில் விரிப்பு மாற்றும் நாள். பன்னிரண்டு வருடமாக எனக்குச் செவ்வாய்க்கு வேறு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது.

“எங்க விடுதிக் கடிகாரம் கொஞ்சம் அப்படி இப்படி ஓடும்” என்று ஆரம்பித்தேன். “ஒரு அரை மணி நேரம் முன்னால இருந்திருக்கலாம்.”

“மூணு மணியும் ராகு காலம்தாம்மா.”

“ரெண்டே முக்கால்?”

“இது என்னம்மா, டாக்சிக்காரன்கிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க?”

அவர் தட்டினார். அச்சு இயந்திரம் கட்டங்களைத் துப்பியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினார். தாய்க்கு ஆகாதாம். பெண் பெரியவளான கூரைக்கு அடியிலேயே தொடர்ந்து இருந்தால் தோஷம் வளருமாம். ஒரு மண்டலத்துக்குள் அந்த இடத்தை விட்டு மாற்றிவிட்டால் நல்லதாம்.

அமுதா அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.  “நாளைக்கே வந்து பெட்டியை எடுத்துக்கிறேன் மிஸ். உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல. எம்புள்ள நேரம் அப்படி” என்றாள்.

கௌசியின் கணிதத் தாளைத் திருத்திய ஆசிரியை முந்தின நாள்தான் என் காதில் போட்டிருந்தார், வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று. தேர்வு கட்டிலைக் காப்பாற்றிவிட்டது. இப்போது என் வாய் அதைப் பறித்துக்கொண்டிருந்தது.

“அமுதா, நேரம் தப்பு” என்றேன்.

“அதான் கடிகாரம்னு சொன்னீங்களே மிஸ், விடுங்க.”

“கடிகாரம் இல்ல. நாளே தப்பு. செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே நடக்கல. அதுக்கு முன்னால வந்த வெள்ளிக்கிழமையும் இல்ல, அதுக்கு முந்தின வெள்ளியும் இல்ல, அதுக்கும் முந்தின வெள்ளிக்கிழமை. காலையில ஏழு பத்து. நான்தான் மறைச்சேன்.”

அமுதா என்னையே பார்த்தாள். ஜோசியர் மட்டும் வேலையை விடவில்லை. தட்டினார், திரையைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “அடடா! வெள்ளிக்கிழமை, வளர்பிறை, சுக்கிர ஓரை! இதைவிட என்னம்மா வேணும்? மகாலட்சுமி! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

 அவர் புதுத் தாளை நீட்டினார். அமுதா அதை வாங்காமல் எழுந்தாள்.

மாடிப்படியில்

படியின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். கீழே கடைக்காரன் ஏதோ ஃபோனைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒரே மணியோசை திரும்பத் திரும்ப வந்தது.

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமை கோழிக் குழம்பு கொண்டாந்தேனே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“நாடியாவுக்கு?”

“தெரியும்.”

“அந்தச் சீனப் பொண்ணுக்கு?”

“ம்.”

“வியட்நாம் புள்ளைக்கும் தெரியும். அப்படித்தானே? ஊருக்கே தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது. ரொம்ப நல்லா இருக்கு மிஸ்.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அழுதாளா அவ?”

“கொஞ்ச நேரம்.”

“யாரு அவ பக்கத்துல இருந்தா?”

“எல்லாரும் இருந்தோம்” என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கும் வாய் ஜாஸ்தி. “சொல்லியிருந்தா நீங்க அவளைப் பரீட்சை எழுத விட்டிருப்பீங்களா அமுதா?” என்று கேட்டுவிட்டேன்.



“விட்டிருக்க மாட்டேன்” என்றாள். “மாமியார் சொல்லுவாங்க, நாத்தனார் சொல்லுவாங்கன்னு அவங்க மேல பழியைப் போடலாம். வேணாம். நானேதான் விட்டிருக்க மாட்டேன்.”

“அதான்...”

“என்ன அதான்? நீங்க வந்து எங்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம்ல? ‘ஏய் அமுதா, கூறு கெட்டவளே, பரீட்சை முடியட்டும்’னு கத்தியிருக்கலாம்ல? நான் திருப்பிக் கத்தியிருப்பேன். நாலு நாள் கழிச்சு ஒத்துக்கிட்டிருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பேன். சண்டை போடறதுக்குக்கூட நான் லாயக்கு இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க. படிக்காதவ, இவளுக்கு என்ன தெரியும்னு.”

அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னது நிஜம். கதவில் கை வைத்து நின்ற அந்தக் காலையில் நான் அமுதாவைப் பற்றி யோசிக்கவேயில்லை. என் அம்மாவைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன், இன்னொருத்தியின் செலவில்.

“மன்னிச்சிருங்க அமுதா.”

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைசிப் படியில் இறங்கித் திரும்பினாள். “புள்ள அங்கயே இருக்கட்டும். நேரம்தான் நல்ல நேரமாமே. ஆனா சடங்குக்கு நீங்க வர வேணாம் மிஸ்.”

சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தில் அவள் முதுகு மறையும்வரை நின்றேன். பிறகு ஒரு டீ வாங்கினேன். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

எழுத முடியாத அறிக்கை

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய் நானே ஒப்புக்கொண்டேன். நல்ல மனுஷி, சீனர், எதையும் படிவத்தில் பார்த்தால்தான் நம்புவார். “பிள்ளைக்கு நோயா?” என்று கேட்டார். இல்லை. “காயமா?” இல்லை. “ஆரோக்கியமா இருக்கா, பரீட்சையும் நல்லா எழுதியிருக்கா. அப்போ என்னன்னு ரிப்போர்ட் எழுதுறது?” பெற்றோரிடம் மறைத்தேன் என்றேன். எதை என்றார். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், “பதினாறு நாளா? முழுசாவா?” என்று கேட்டுவிட்டு, இனிமேல் எதுவானாலும் பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். குறைவாகத்தான் கிடைத்தது.

சடங்கு டிசம்பர் விடுமுறையில், சுவா சூ காங்கில் அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. அறைத்தோழிகள் மூன்று பேருக்கும் அழைப்பு வந்தது. லான் அதற்காகவே ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டாள். என் அலமாரியில் இருந்த சேலைகளில் நல்லதாக மூன்றை எடுத்து நான்தான் கட்டிவிட்டேன். நாடியா தலையில் கட்டும் தன் துடோங்குக்குப் பொருத்தமாகப் பச்சைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். சூ லிங்குக்கு ஊசி குத்தியே என் கை ஓய்ந்தது. “நீங்க வரலையா மிஸ்?” என்று லான் கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன். காலியான விடுதியில் எனக்கு என்ன வேலை? கிளம்பிய பிறகு அவர்கள் இறைத்துவிட்டுப் போன ஊசிகளைப் பொறுக்கினேன்.

மாலையில் சந்தனமும் குங்குமமுமாகத் திரும்பி வந்தார்கள். காவல்காரருக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம், மக்சி என்று நாங்கள் கூப்பிடும் சமையல்கார அம்மாவுக்கு ஒன்று. இருவருக்கும் அமுதா பேர் சொல்லிக் கொடுத்து விட்டிருந்தாள். எனக்கு இல்லை. பிள்ளைகள் சங்கடப்பட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் கோழிப் பிரியாணி சாப்பிடுவதில்லை என்று ஒரு பொய் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஜனவரி

பள்ளி திறந்த வாரத்தில் கௌசி வந்து இறங்கினாள். அரையடி வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் அம்மா வருவதைப் பார்த்து அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு படியேறிப் போனாள்.

அமுதா வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். வணக்கம் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் புதிதாக நிரப்ப வேண்டிய தாளை அவள் முன் வைத்தேன். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதும் பகுதியில் மூன்று வரிசை உண்டு. முதலாமவர் கிடைக்காவிட்டால் இரண்டாமவர், அவரும் கிடைக்காவிட்டால் மூன்றாமவர். பேர், உறவு, ஃபோன் எண்.

நின்றுகொண்டே எழுதினாள். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

மூன்று வரிசையிலும் அவள் பேர். மூன்று வரிசையிலும் ‘அம்மா’. மூன்று வரிசையிலும் அதே எண்.

“வேற ரெண்டு பேர் எழுதணும் அமுதா. ரூல் அப்படி” என்றேன்.

“வேற யாரும் இல்ல மிஸ்” என்றாள்.

நான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.